வெள்ள அறிவிப்பும் குறுஞ்செய்தியும்

மாரிமழை பெருகுங்கால் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துள் மூழ்க, அப்பாலுள்ள ஊர்கள் படகையே நம்பி நிற்கும். அவ்வேளையில் ஓர் அறிவிப்பைப் பலர்க்கும் விடுக்க எளிய கருவியொன்று உண்டு. மக்கள் டொங்கிள் என வழங்கும், சிம் அட்டை பொருந்திய யூ.எஸ்.பி. மோடமே அது.

2005 இல் கென் பேங்க்ஸ் என்பார் ஆக்கிய ஃபுரொன்ட்லைன் எஸ்.எம்.எஸ். என்னும் மென்பொருள் இம்முறைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். எண்களைக் குழுவாகத் தொகுத்துச் செய்தியை ஒருமுறை எழுதினால், மென்பொருள் மோடத்தை ஏவி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே அனுப்பும். இணையம் வேண்டா, மடிக்கணினியில் மின்னும், தொலைபேசிக் கோபுரத்தின் அலையும் இருப்பின் போதும்.

ஆயினும் தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கருதல் வேண்டும். ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டு மட்டுமே கொள்ளும். அதனுள் ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். யூனிகோட் தமிழாயின் 70 குறியீடுகளே அடங்கும். வெள்ளம் என்னும் சொல்லிற் கண் காண்பது 4 எழுத்து. கணினி எண்ணுவதோ 7. கொம்பும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுதலே இதற்குக் காரணம். எல்லை கடந்த செய்தி துண்டுபடும். மோடம் ஒன்றன்பின் ஒன்றாகவே அனுப்புமாதலின், 100 பேருக்கு இரு துண்டெனின் 200 முறை அனுப்புதல் வேண்டும். கடைசியில் நிற்பவருக்கு அறிவிப்புப் பிந்தும்.

ஆகவே எவ்விடம், எந்நேரம், செய்யவேண்டியது யாது என்னும் மூன்றையும் ஒரே துண்டில் அடக்குதல் நன்று. நன்னூலார் நூலின் அழகு பத்தனுள் சுருக்கத்தை முதலில் வைத்தார். வெள்ளக் காலத்தில் அவ்வழகு உயிர்காக்கும் கடமையுமாகின்றது.