கண்ணாடி எங்கிருந்து உடைகிறது?

மார்கழி மாதத்துக் காலை. அம்மா முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சி இறக்கிய நெய்யை, அப்போதுதான் பச்சைத் தண்ணீரில் கழுவித் துடைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். பாட்டிலின் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று சமையல் மேடையிலேயே நின்றுவிட்டது. மேல்பாகம் அம்மாவின் கையில். நெய் மேடை முழுக்க ஓடியது. அதற்குப் பிறகு, ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பாட்டிலுக்குள் நிறுத்தாமல் அவர் சூடாக எதையும் ஊற்றியதில்லை.

அதே பாட்டில் அதற்கு முன் இரண்டு முறை கை தவறி விழுந்தும் உடையவில்லை. விழுந்தபோது தாங்கியது, வெறும் சூட்டில் ஏன் உடைந்தது? இதற்கு விடை தெரிந்துகொண்டால் கார் கண்ணாடி, கைபேசித் திரை, இணையம் ஓடிவரும் கண்ணாடி இழை எல்லாவற்றின் ரகசியமும் பிடிபட்டுவிடும். கண்ணாடி உடைவது அதன் மேல்தோலில் இருக்கும் கீறலிலிருந்துதான்.

மணல் எப்படிக் கண்ணாடி ஆகிறது?

கண்ணாடிக்கு மூலப்பொருள் சிலிக்கா மணல். மணலில் சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்கள் கோலப் புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல் அமைந்திருக்கும். இப்படி அமைந்த பொருளைப் படிகம் என்கிறோம். சுமார் 1,700 டிகிரி செல்சியஸில் இந்த வரிசை குலைந்து, மணல் தேனைவிடக் கெட்டியான குழம்பாகிறது. அதைக் குளிரவைத்தால் அணுக்கள் பழைய வரிசைக்குத் திரும்ப முயல்கின்றன. ஆனால் குழம்பு அவ்வளவு கெட்டி என்பதால் அவை நகர்ந்து இடம் பிடிப்பதற்குள் இறுகிவிடுகிறது. வரிசை குலைந்த நிலையிலேயே உறைந்த அந்தத் திடப்பொருள்தான் கண்ணாடி.

அவ்வளவு சூடு உண்டாக்குவது செலவு பிடித்த வேலை. அதனால் மணலோடு சோடா சேர்க்கிறார்கள். அது உருகும் வெப்பத்தைக் குறைக்கிறது. ஆனால் சோடா மட்டும் சேர்த்தால் கிடைப்பது தண்ணீரில் கரைந்துவிடும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்குக்குச் சற்று மேல் சிலிக்கா, மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். நம் ஜன்னல், டீ கிளாஸ், ஊறுகாய் பாட்டில் எல்லாம் இந்தக் கலவைதான்.

‘கண்ணாடி மிக மெதுவாக வழியும் திரவம், அதனால்தான் ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் அடிப்பாகம் தடித்திருக்கிறது’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். அது சரியல்ல. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு ஒரே தடிமனாக வராது. அந்தத் தடிமன் செய்த அன்றே இருந்தது. அறை வெப்பத்தில் கண்ணாடி முழுமையான திடப்பொருள்.

கீறல் என்ன செய்கிறது?

கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் சின்னச் சக்கரம் வைத்த கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோடு. பிறகு அந்தக் கோட்டை மேஜை விளிம்புக்கு நேராக வைத்து, இரண்டு கையாலும் லேசாகக் கீழே அழுத்துவார். கண்ணாடி கோட்டின் வழியே நேராகப் பிளந்துவிடும். அவர் கண்ணாடியை வெட்டவே இல்லை. கீறல் போட்டார், அந்தக் கீறல் வாய் திறக்கும்படி வளைத்தார், அவ்வளவுதான்.

கீறலின் நுனியில் இழுவிசை முழுவதும் குவிகிறது. எவர்சில்வர் போன்ற உலோகத்தில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று வழுக்கி, கீறலின் நுனியை மழுங்கடித்துவிடும். அதனால்தான் தட்டு விழுந்தால் நெளிகிறது. கண்ணாடியில் வழுக்கிச் செல்ல அடுக்கே இல்லை. நுனி கூர்மையாகவே இருந்து அடுத்த பிணைப்பை அறுக்கிறது, பிறகு அதற்கடுத்ததை. காற்றிலுள்ள ஈரமும் அந்த நுனியில் புகுந்து பிணைப்புகளைத் தளர்த்துகிறது. என்றோ பட்ட அடிக்குக் கண்ணாடி பல நாள் கழித்து விரிசல் விடுவது இதனால்தான்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் 1921-இல் இதைக் கணக்காகவே காட்டினார். கண்ணாடியை உருக்கி இழை இழையாக இழுத்துச் சோதித்தபோது, மிக மெல்லிய இழைகள் தடித்தவற்றைவிட அளவுக்கேற்பப் பல மடங்கு பாரம் தாங்கின. பெரிய கீறல் இருக்க இழையில் இடமே இல்லை. கண்ணாடியின் அணுப் பிணைப்பு வலுவானது. வெளியிலுள்ள நுண்கீறல்கள்தான் அதைக் கெடுக்கின்றன என்பது அன்று தெளிவாயிற்று.

நெய் பாட்டிலுக்கு நேர்ந்தது

சூடான நெய் பட்டதும் பாட்டிலின் உட்பக்கம் விரிந்தது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருந்தது. விரியும் உள்சுவர், விரியாத வெளிச்சுவரை இழுத்தது. மேடையில் தேய்ந்து தேய்ந்து பாட்டிலின் அடியைச் சுற்றித்தான் கீறல்கள் அதிகம். அங்கே வாய் திறந்தது. தடித்த அடிப்பாகத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் இன்னும் கூடுதல். கரண்டி நெய்யின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் அந்த வித்தியாசம் குறைகிறது. டீக்கடையில் கிளாஸை வெந்நீரில் அலசிவிட்டு டீ ஊற்றும்போதும், அலசும் வேலையோடு இந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கிறது.

கீறலை வெல்ல நான்கு வழிகள்

முதல் வழி, விரிவதையே குறைப்பது. சாதாரணக் கண்ணாடியின் ஒரு மீட்டர் நீளத்தை 100 டிகிரி சூடேற்றினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். போரான் ஆக்சைடு சேர்த்த பாரோசிலிகேட் கண்ணாடி 0.33 மில்லிமீட்டர்தான் நீளும். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவன விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டன் 1913-இல் இத்தகைய கண்ணாடியாலான பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்கு எடுத்துப்போக, அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். 1915-இல் பைரெக்ஸ் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. பள்ளி ஆய்வகத்தின் பீக்கரும் இந்த வகைதான்.

இரண்டாவது வழி, மேல்தோலை இறுக்கி வைப்பது. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றைப் பீய்ச்சுவார்கள். தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே பிறகு குளிர்ந்து சுருங்கும்போது தோலை நெருக்கிப் பிடிக்கும். நெருக்கப்பட்ட தோலில் கீறல் இருந்தாலும் வாய் திறக்க முடியாது. கடைகளில் ‘டஃபன் கிளாஸ்’ என்று சொல்வது இதைத்தான். அந்த நெருக்கத்தைத் தாண்டி ஒரு விரிசல் உள்ளே போய்விட்டால், அடக்கி வைத்த விசை முழுவதும் ஒரே நொடியில் வெளிப்பட்டுக் கண்ணாடி கற்கண்டுத் துண்டுகளாக உதிரும். டஃபன் கிளாஸை வாங்கிய பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாததும் இதனால்தான். கைபேசித் திரையில் இதே வேலையை வெடியுப்பு செய்கிறது. சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் கண்ணாடியை ஊறவைத்தால், சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அதே இடத்தில் திணிந்துகொள்கின்றன. நெரிசலால் தோல் இறுகுகிறது.

மூன்றாவது வழி, தோலில் எதுவும் படாமல் காப்பது. இணையத்துக்கான கண்ணாடி இழையை உருக்கி இழுக்கும்போதே, வேறெதுவும் தொடுவதற்குள் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். முடியளவு மெல்லிய அந்த இழை வளைந்தும் முறியாமல் கடலடியில் கிடக்கிறது. கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் ஒளி வெகுதூரம் போகும் என்று 1966-இல் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் போன பிறகும் ஒளியில் 95 சதவீதம் மிஞ்சுகிறது.

நான்காவது வழி, உடைந்தாலும் சிதறவிடாமல் பிடிப்பது. பிரான்சின் எட்வார் பெனடிக்டஸ், ஆய்வகத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை விரிசல் விட்டும் சிதறாமல் நின்றதைக் கண்டார். உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. 1909-இல் காப்புரிமை பெற்றார். இன்று காரின் முன்கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி.

வீட்டில் கவனிக்க

சூட்டைவிடத் திடீர்க் குளிர்ச்சி ஆபத்தானது. அப்போது வெளித்தோலே சுருங்கி இழுபடும். அதனால் சூடான கண்ணாடிப் பாத்திரத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைக்காதீர்கள். துணி விரித்து வையுங்கள். கண்ணாடி அடுப்பின்மேல் சமையல் முடிந்த கையோடு ஈரத்துணி போடவேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பும் புதிய கீறல்கள். அடுப்பில் ஏற்ற வேண்டுமென்றால் ‘பாரோசிலிகேட்’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நேரடித் தீக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கவேண்டும். அடியில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் விழுந்த பாட்டிலைப் பருப்பு போட்டு வைக்கப் பயன்படுத்துங்கள். நெய் ஊற்றப் புதிய பாட்டிலை எடுங்கள், கரண்டியோடு.