கோப்பையும் அதன் பின்னர் வரும் காகிதங்களும்

பாலக்காட்டின் மெர்சி கல்லூரியில் பயின்ற எம்.டி. வல்சம்மா, 1979ஆம் ஆண்டு புனேயில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தடகளப் போட்டியில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் வென்றார். பின்னர்த் தெற்கு இரயில்வேயில் பணியில் சேர்ந்தார். 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 வினாடிகளில் கடந்து தங்கம் வென்றார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

கல்லூரி, பல்கலைக்கழகப் போட்டி, பணி, நாட்டின் சீருடை என்னும் இவ்வரிசையில் இரண்டாம் படியே பெரும்பாலோர் கவனத்திற்கு வராதது. கல்லூரி விளையாட்டு விழாவில் பெறும் கோப்பைகள் எத்தனையாயினும், மத்திய அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அவற்றுக்கு இடமில்லை. கல்லூரி நிலையைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருப்பதே தகுதியாகிறது. அதற்குரிய சான்றிதழும் கல்லூரி முதல்வர் தருவதன்று. பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநரோ அப்பொறுப்பிலுள்ள அலுவலரோ வகுக்கப்பட்ட படிவத்தில் ஒப்பமிட்டுத் தரவேண்டும். போட்டி முடிந்த ஆண்டிலேயே அதனைப் பெற்று வைப்பது நலம். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்துப் பழைய பதிவேடுகளைத் தேடச் சொன்னால் எந்த அலுவலகமும் முகம் மலராது.

ஒதுக்கீட்டிற்குரிய விளையாட்டுகளின் எண்ணிக்கை 2020ஆம் ஆண்டில் 43இலிருந்து 63ஆக உயர்ந்தது. மல்லர்கம்பமும் கயிறு இழுத்தலும் அப்பட்டியலில் உள்ளன. விலை உயர்ந்த கருவிகளோ செயற்கை ஓடுதளமோ இல்லாத சிறு கல்லூரிகளுக்கு இது நல்ல செய்தி என்றே கருதுகிறேன்.

படிப்பில் சிறப்பவர்களுக்கான கணக்கு வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் கல்வி வாரியத்தின் 80ஆவது சதமான நிலைக்கு மேல் நின்று, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருப்பின், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுநிலைக்கு ரூ.20,000. ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை.

இங்குதான் படிப்பும் விளையாட்டும் முட்டிக்கொள்கின்றன. பயிற்சி முகாமுக்கும் வெளியூர்ப் போட்டிக்கும் செல்லும் மாணவி வகுப்பில் இருப்பதில்லை. அந்நாட்களை அலுவல் நிமித்தமான வருகையாகக் கல்லூரி பதிவு செய்யுமா என்பதைப் புறப்படும் முன்னரே எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நன்று. பதக்கத்துடன் திரும்பியவர் உதவித்தொகையை இழந்து நிற்பது கொடுமை.

இனி எங்கள் மேசைக்கு வரும் செய்தி. உதவித்தொகை மாணவரின் பெயரிலுள்ள கணக்கிற்கே வரும். தந்தையின் கணக்கு உதவாது. ஆதார் எண் வழியாக அனுப்பப்படும் தொகை, நேரடிப் பயன் பரிமாற்றத்திற்காக அவ்வெண் கடைசியாக எந்த வங்கியில் இணைக்கப்பட்டதோ அங்கேயே சென்று சேரும். கல்லூரி ஊரில் புதுக்கணக்குத் தொடங்கி, கேட்ட இடத்திலெல்லாம் ஒப்பமிட்டுவிட்டு, பணம் வரவில்லை என்று ஊர்க்கிளையில் வந்து நிற்கும் மாணவர்கள் உண்டு. பணம் வந்திருக்கும், வேறு கணக்கில்.

பெயர் மற்றொரு சிக்கல். நம்மவர்க்கு முன்னெழுத்து போதும். ஆதாரில் அது தந்தையின் முழுப்பெயராக விரிந்திருக்கும். மதிப்பெண் பட்டியலில் பின்னெழுத்தாக மாறியிருக்கும். பரிசுக் காசோலையில் அறவே விடுபட்டிருக்கும். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போதே வங்கிக் கணக்கிலுள்ளவாறு எழுதித் தருவது பின்னர் அலைச்சலைத் தவிர்க்கும்.

உதவித்தொகைக்கெனத் தொடங்கிய இருப்புத்தொகை தேவையற்ற கணக்கு, ஈராண்டுகளுக்கு மேல் இயக்கப்படாதிருந்தாலும் அதனைச் செயலற்றதாகக் கருதலாகாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. இவ்விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. சாதாரணச் சேமிப்புக் கணக்கிற்கு இச்சலுகை பொருந்தாது. எனவே கணக்குத் தொடங்கும்போதே நோக்கத்தைப் படிவத்தில் தெரிவித்துவிடுங்கள். கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. தனியார் அமைப்புகள் தரும் போட்டிப் பரிசுத்தொகைக்கு வரி உண்டா என்பதை வரி ஆலோசகரிடம் தனியே கேட்டுக்கொள்ளவும்.