இரும்படக்கி என்னும் சிறு புரதம்

கல்லீரலில் உருவாகிக் குருதியிற் கலந்து, உடலுக்குள் நுழையும் இரும்பின் அளவையும் உள்ளே சுழலும் இரும்பின் போக்கையும் ஒருங்கே ஆளும் இயக்குநீர்ப் புரதம் எப்சிடின் எனப்படும். செய்யும் தொழில் நோக்கி அதனை இரும்படக்கி என வழங்குவோம். 84 அமினோக் காடிகள் கோத்த முன்வடிவாகப் பிறந்து, வெட்டுண்டு 25 மட்டுமே எஞ்ச, நான்கு கந்தகப் பிணைப்புகளால் இறுக முடியப்பட்டு அது முழுமை பெறுகிறது, இன்சுலினினும் சிறியது.

அதன் அருமையை உணர இரும்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். குருதி நிறமியின் நடுவில் நின்று உயிர்வளியை ஏந்துவதும் இரும்பு. கட்டற்றுத் திரியுமாயின் கலங்களைச் சிதைப்பதும் இரும்பு. வளர்ந்தவர் உடலில் அது 3 முதல் 4 கிராம் வரை உள்ளது. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மூத்த செங்குருதிக் கலங்களை விழுங்குகலங்கள் உண்டு, நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பை மீட்டளிக்கின்றன. உணவிலிருந்து புதிதாகச் சேர்வதோ 1 முதல் 2 மில்லிகிராம். தோலும் குடற்சுவரும் உதிர்வதாலும் குருதி கழிவதாலும் அகல்வதும் அவ்வளவே. மிகுந்த இரும்பைத் தேர்ந்து வெளியேற்றும் உறுப்பு நமக்கில்லை. வரத்துக்கால் உண்டு, கலிங்கு இல்லாத ஏரி இவ்வுடல். ஆதலின் ஒழுங்கு முழுவதும் நுழைவிலேயே அமைந்தாக வேண்டும்.

குடற்சுவர்க் கலமாயினும், விழுங்குகலமாயினும், இரும்பைச் சேமிக்கும் கல்லீரற் கலமாயினும், தன்னகத்து இரும்பைக் குருதிக்கு விடுவதற்கு உள்ள வழி ஒன்றே. ஃபெரோபோர்ட்டின் என்னும் அவ்வழிப் புரதத்தை இரும்புவாயில் எனலாம். இரும்படக்கி வந்து பற்றியதும், கலம் தன் வாயிலையே உள்ளிழுத்துச் செரித்துவிடும் என்பதை 2004இல் நெமெத், கான்சு முதலிய ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். வாயில் இழந்த குடற்கலத்துள் சிக்கிய இரும்பு, சில நாளில் அக்கலம் உதிர்கையில் அதனோடு வெளியேறுகிறது. மறுத்தலும் கழித்தலும் ஒரே செயலால் முடிகின்றன; இதனினும் சிக்கனமான ஏற்பாட்டை நான் அறியேன்.

இரும்படக்கியை முதலில் கண்டவர்கள் இரும்பைத் தேடியவர்கள் அல்லர். 2000, 2001ஆம் ஆண்டுகளில் செருமானியர் குருதியிலிருந்தும் அமெரிக்கர் சிறுநீரிலிருந்தும் பிரித்தெடுத்தபோது, நுண்ணுயிர்க்கொல்லி என்றே இதனைக் கருதினர். 2001இல் பாரிசில் குளுக்கோசு சார்ந்த மரபணு ஆளுகையை ஆராய்ந்த குழுவினர், தம் சுண்டெலிகளில் இரும்பு அளவிறந்து குவிந்திருக்கக் கண்டு, எப்சிடின் இன்மையோடு அதனைப் பொருத்தினர். ஆயினும் முதற்கருத்து முற்றிலும் பிழையன்று. நுண்ணுயிரிக்கும் வளர இரும்பு வேண்டும். தொற்று நேர்ந்து அழற்சி எழுந்ததும் இரும்படக்கி பெருகுகிறது. சில மணி நேரத்தில் குருதியின் இரும்பு வீழ்கிறது. பகை பட்டினி கிடக்கிறது. தான்சானியாவின் பெம்பாத் தீவில், மலேரியா மிகுந்த சூழலில், இளங்குழந்தைகளுக்கு நாள்தோறும் இரும்பும் ஃபோலிக் காடியும் கொடுத்த ஆய்வில் கடுநோயும் இறப்பும் மிகுந்தமையால் இரும்பு கொடுத்த பிரிவு நிறுத்தப்பட்டது; 2006இல் வெளிவந்த இம்முடிவு, அடைத்த வாயிலுக்கும் ஒரு பொருளுண்டு என எண்ணச் செய்தது. இரும்பே தீங்கு என்று இதனைக் கொள்வது தவறு. எவருக்கு, எப்போது என்பதே கேள்வி.

அழற்சியன்றி, உடலில் இரும்பு இருப்பு மிகுதியும் இரும்படக்கியைக் கூட்டும். இருப்புக் குறைவும், செங்குருதிக் கலங்களை ஆக்கும் எலும்பு மச்சையின் தேவையும் அதனைக் குறைக்கும். மச்சையின் வேண்டுகோளைச் சுமந்து செல்லும் எரித்ரோஃபெரோன் என்னும் இயக்குநீர் 2014இல்தான் அறியப்பட்டது.

இவ்வொழுங்கு பிறழ்வதால் எழும் நோய்கள் இருவகை. இரும்படக்கி குறைந்தால் வாயில் என்றும் திறந்தே கிடக்கும்: வட ஐரோப்பியரிடை மிகுந்து காணப்படும் மரபுவழி இரும்பு மிகைநோய் இத்தகையது, இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் படிய, குருதி இறக்குதலே இன்றும் முதன்மை மருத்துவம். தலசீமியாவில் பயனற்று உழைக்கும் மச்சை இரும்படக்கியை ஒடுக்குவதால், பிறர் குருதி ஏற்றாதவரிடமும் இரும்பு மிகுகிறது. இரும்படக்கியைப் போலச் செய்த சிறுதுண்டு ஒன்று, செங்குருதிக் கலங்கள் அளவிறந்து பெருகும் நோயில் குருதி இறக்கும் தேவையைக் குறைப்பது மருத்துவ ஆய்வில் தெரிந்துள்ளது.

இரும்படக்கி மிகுந்தாலோ, நாட்பட்ட அழற்சியிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் காண்பதுபோல், களஞ்சியம் நிறைந்திருக்க மச்சை வாடுகிறது. இத்தகைய குருதிச்சோகைக்கு இரும்பு வில்லைகள் பெரிதும் உதவா. குடல்வாயிலைக் கடவாமல் குருதிக்குழாய் வழியே செலுத்துதல் ஓரளவு கைகொடுக்கிறது.

எளிய இரும்புக் குறைபாட்டிலும் இவ்வறிவு பயன்படுகிறது. 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பை விழுங்கினால், ஏறத்தாழ ஒரு நாள் அளவுக்கு இரும்படக்கி உயர்ந்து நின்று, மறுநாள் வில்லையின் இரும்பைத் தடுக்கிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இருப்புக் குறைந்த இளம்பெண்களுக்கு அதே எண்ணிக்கை வில்லைகளை நாள்தோறும் கொடுத்ததைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோதே உடல் ஏற்ற இரும்பு மிகுந்திருந்தது.