அறமும் அரமும்



நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் 'விதுர' என்று ஒற்றைத் தகரம்தான். ஆங்கிலப் பலகையைப் பார்த்த நம்மவர் 'வித்துரா' என்று இரட்டித்துவிட்டனர். கல்யாணப் பத்திரிகை ஒன்றில் 'விதுரை' என்றும் பார்த்தேன். பேச்சில் எல்லாம் ஓடிவிடும். அச்சில் ஏறிவிட்டால் அப்படியே நிற்கும்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு மகாவீரர் ஜயந்திக்கு நோட்டீஸ் அடித்தேன். 'அறம் செய்வோம் வாரீர்' என்று எழுதிக் கொடுத்தது, 'அரம் செய்வோம் வாரீர்' என்று வந்து நின்றது. எனக்கோ இரும்புக் கடை! "என்ன நயினாரே, அரம் இலவசமா?" என்று ஊரே கேட்டது. அச்சகத்தாரைக் குறை சொல்வானேன்? மெய்ப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவன் நான்தானே!

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2024 நவம்பர் 1, கேரளப் பிறவி நாள். திருவனந்தபுரத்தில் 260க்கும் மேற்பட்ட காவலர்களுக்கு முதலமைச்சரின் போலீஸ் பதக்கம் வழங்கப்பட்டது. வாங்கியவர்களில் பலருடைய பதக்கத்தில் எழுத்துப் பிழை. இகர, ஈகாரக் குறிகள் விழுந்துபோய், 'போலீஸ்' என்பது 'போலஸ்' ஆயிற்று. 'மெடல்' என்பது 'மெடன்' ஆயிற்று. பதக்கங்களைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. மலையாளத்தில் ல், ன் இரண்டுக்கும் உள்ள சில்லு எழுத்துகள் உருவத்தில் அண்ணன் தம்பி மாதிரி. வேகமாய்ப் பார்க்கிற கண் ஏமாறிப்போகும்.

ஏன் ஏமாறுகிறது? நமக்குத் தெரிந்த சொல்லைக் கண் படிப்பதில்லை, மனசு படிக்கிறது. இருக்க வேண்டியதை அதுவே நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் எழுதினவனுக்குத் தன் பிழை தெரிவதில்லை.

ஓலைச் சுவடிக் காலத்தில் சங்கடம் இன்னும் அதிகம். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகாரத்துக்கும், ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தெரியாது. படி எடுத்தவர்கள் தோறும் பிழை பெருகிற்று. எங்கள் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டார். புரியாத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டார். சைவர் அவர், சமண நூலுக்கு அத்தனை பாடுபட்டார். சந்தேகம் வந்தால் தெரிந்தவரைக் கேட்பதில் அவருக்கு வெட்கமில்லை. நமக்கென்ன வெட்கம்?

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் மானப் பிரச்சினை மட்டுமல்ல. எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு ஒரு காகிதத்தில் 'பாக்கியம்', இன்னொன்றில் 'பாக்யவதி'. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க மாசக்கணக்கில் அலைந்தார். பென்ஷன் அதுவரை நின்றது. தமிழில் ஒரே 'க', மலையாளத்தில் நான்கு. நம் பெயரை எழுதும் குமாஸ்தா எதைப் போடுவார்? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கும்போதே எழுத்தெழுத்தாய்ப் பாருங்கள்.

நான் கடைப்பிடிக்கும் வழி இதுதான். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்க்க வேண்டும். பெயர், தேதி, தொகை இவற்றைத் தனியாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கடைசி வரியிலிருந்து மேலே ஒருமுறை படியுங்கள். மனசு நிரப்புவது நின்று கண் விழித்துக்கொள்ளும். தலைப்பை மறக்காதீர்கள். பெரிய எழுத்துதானே என்று யாரும் பார்ப்பதில்லை. பிழை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ற/ர, ண/ன, ல/ள/ழ வரும் இடத்தில் ஐயமிருந்தால் அகராதியைப் புரட்டுங்கள். கம்ப்யூட்டர் திருத்தும் என்று விட்டுவிட வேண்டாம். 'அரம்' என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான். அதற்கு அதில் பிழை தெரியாது.

இந்தக் கட்டுரையை என் பேத்தி இரண்டு தடவை படித்து, ஏழு பிழை கண்டுபிடித்தாள். மலையாளப் பள்ளியில் படிக்கிற பிள்ளை! எட்டாவது பிழை கண்ணில் பட்டால் கடைக்கு வந்து சொல்லுங்கள். அரம் வேண்டுமானாலும் வரலாம். அது மட்டும் இலவசமில்லை.