கேள்வி கேட்கும் கம்ப்யூட்டர்

ஊட்டியை ஒட்டிய பெர்ன்ஹில்லில் என் சித்தி வீடு இருக்கிறது. சித்தி மகள் வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவள். இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் அவள் தேற வேண்டும். 2002 முதல் நடக்கும் இத்தேர்வில் 300 கேள்விகள். 150 மதிப்பெண் எடுத்தால் பாஸ். முதல் முறை அவளுக்குக் கிடைத்தது 141. "எல்லாம் படிச்சதுதாண்ணா, அந்த நேரத்துல ஞாபகம் வரல" என்றாள்.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் அவள் செய்தது, பி.டி.எஃப். நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசித்ததுதான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். பதிலை மறைத்துக் கேட்டால்தான் உண்மை புரியும்.

அப்படிக் கேட்கும் மென்பொருள்தான் ஆங்கி. டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-ல் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் இலவசம். ஆங்கிவெப் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

முதலில் 'கிரியேட் டெக்' பட்டனை அழுத்திப் பாடத்தின் பெயரைக் கொடுங்கள். அடுத்து 'ஆட்' அழுத்தினால் இரண்டு கட்டங்கள் வரும். 'ஃப்ரன்ட்' கட்டத்தில் கேள்வி, 'பேக்' கட்டத்தில் பதில். படிக்கும்போது கேள்வி மட்டும் தெரியும். மனதில் பதில் சொல்லிவிட்டு 'ஷோ ஆன்சர்' கிளிக் செய்யுங்கள். மறந்திருந்தால் 'அகெய்ன்', தெரிந்திருந்தால் 'குட்'. மறந்த கேள்வி சில நிமிடங்களில் திரும்ப வரும். தெரிந்தது சில நாள், சில வாரம், பிறகு சில மாதம் என்று தள்ளிப் போகும்.

தங்கை முதலில் ஒரு தவறு செய்தாள். எல்லா வைட்டமின்களையும் ஒரே கார்டில் எழுதிவிட்டாள். ஒரு கார்டுக்கு ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். தயமின் குறைந்தால்? பெரிபெரி. நியாசின் குறைந்தால்? பெல்லாக்ரா. இவை இரண்டும் தனித்தனிக் கார்டுகள்.

தினமும் 20 புதிய கார்டுகள் போதும். ஒரு வாரம் விட்டால் பழையவை மலைபோல் குவிந்துவிடும். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போவது சகஜம். எனவே 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து, வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

பாடத்தைப் புரிந்துகொள்ளப் புத்தகம்தான் வேண்டும். புரிந்ததை மறக்காமல் இருக்கத்தான் ஆங்கி. தேயிலைத் தோட்டத்தில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அடித்தவர் மயங்கி வந்தால், அட்ரோபின் என்ற பெயர் உடனே நினைவுக்கு வர வேண்டும். அடுத்த தேர்வுக்குத் தயாராகும் தங்கை, தினமும் காலையில் கார்டுகளை முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறாள்.