வான்வழித் தூரமும் பயண நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். ஆகாய விமானப் பயணத்துக்கு இப்பாடம் மட்டும் போதுமா? பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் தலைநகரான டோக்கியோவுக்குச் செல்லும் வழியை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலில் தூரம். சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஹெல்சிங்கிக்குத் தென்கிழக்கே டோக்கியோ இருக்கிறது. ஆகவே, விமானமும் தென்கிழக்காகவே பறக்கும் என்று எண்ணுவோம். ஆனால் பூமி உருண்டை, படமோ தட்டை. பூகோள உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடகிழக்காக ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, சைபீரியாவின் மேல் வளைந்து, பிறகே தெற்கே இறங்கி டோக்கியோவை அடையும். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். இதன் நீளம் சுமார் 7,800 கிலோமீட்டர். இதைவிடக் குறுகிய வான்வழி இவ்விரு நகரங்களுக்கும் இடையே கிடையாது.

அடுத்து நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வகுத்துப் பார்த்தால் 8 மணி 40 நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி எனலாம். மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, போகும்போது விமானத்தை உந்தும், திரும்பும்போது தடுக்கும். தூரம் ஒன்றேயாயினும் நேரம் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. 1983 ஏப்ரலில் பின்னேர் விமான நிறுவனம் இவ்வழியில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. பயணம் சுமார் 13 மணி நேரம் பிடித்தது. சைபீரியாவின் மேல் இடைநில்லாமல் பறந்து செல்ல அன்று அதற்கு வழியில்லை. ஆகவே விமானம் நேர் வடக்கே சென்று, வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணை வழியாக ஜப்பானை அடைந்தது. தூரம் 10,000 கிலோமீட்டரைத் தாண்டியது. பின்னாளில் சைபீரிய வான்வழி திறந்தது. நேரமும் ஒன்பதரை மணியளவுக்குக் குறைந்தது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானை மூடின. ரஷ்யாவும் பதிலுக்குத் தன் வானை மூடியது. அவ்வாண்டு மார்ச்சில் ஹெல்சிங்கி விமானங்கள் மீண்டும் சுற்றுவழியில் டோக்கியோ சென்றன. பயண நேரம் மறுபடியும் சுமார் 13 மணி! 1983க்குப் பின் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆயினும் நேரம் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

கடிகாரத்தை நம்பியும் கணக்கிட இயலாது. குளிர்காலத்தில் ஜப்பானிய நேரம் பின்லாந்து நேரத்தைவிட 7 மணி முந்தியது. மாலை 5 மணிக்குப் புறப்பட்டு 13 மணி நேரம் பறந்தவர், டோக்கியோவில் இறங்கும்போது அங்கே மறுநாள் பகல் 1 மணி. கடிகாரங்களை மட்டும் பார்த்தால் 20 மணி கழிந்ததாகத் தோன்றும்; இந்த 7 மணியைக் கழித்தால்தான் உண்மை விளங்கும்.

ஆகவே, இரு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணிதம் சொல்லிவிடும். நேரத்தைச் சொல்ல, காற்றின் போக்கும் தெரியவேண்டும். இடையிலுள்ள நாடுகளின் உறவும் தெரியவேண்டும். வானத்தில் வேலி இல்லை என்கிறோம். மனிதர் பகைத்துக்கொண்டால் அங்கும் வேலி முளைத்துவிடுகிறது. அதைச் சுற்றிச் செல்லத்தான் இத்தனை மணி நேரம்.