6,000 மீட்டர் ஆழம், 80 மி.மீ. சுவர்: மத்ஸ்யா-6000 எப்படித் தாங்கும்?

மூன்று பேரைக் கடலுக்கடியில் 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்புவதுதான் இந்தியாவின் சமுத்ரயான் திட்டம். அதற்கான மத்ஸ்யா-6000 வாகனத்தை சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குகிறது.

அவ்வளவு ஆழத்தில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல் அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் அது சுமார் 600 மடங்கு. அதாவது, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் மூன்று புல்லட் பைக்கை அடுக்கி வைத்த மாதிரி!

அதை எப்படிச் சமாளிப்பது?

ஆட்கள் உட்காரும் அறை, 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் கலவைக் கோளம். சுவரின் தடிமன் 80 மி.மீ. கோள வடிவம் ஏன்? அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்; மூலை இருந்தால் அங்கேதான் விரிசல் விடும். உள்ளே வழக்கமான காற்றழுத்தமே இருக்கும் என்பதால், ஸ்கூபா டைவர்கள் போல மேலே வரும்போது ஆங்காங்கே நின்று வரத் தேவையில்லை.

மேலே இருப்பவர்களோடு பேச முடியுமா?

முடியும், ஆனால் ரேடியோவில் அல்ல. அதன் அலைகள் கடல்நீரில் வெகுதூரம் போகாது. ஒலி அலைகள்தான் வழி. தண்ணீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அடியிலிருந்து 'ஹலோ' சொன்னால், கப்பலுக்குக் கேட்க நான்கு நொடி ஆகும். பதில் வர இன்னொரு நான்கு நொடி.

ஏதாவது கோளாறு என்றால்?

வழக்கமான பயணம் 12 மணி நேரம். ஆனால் அவசரத்துக்கு 96 மணி நேரம் உயிர்காக்கும் வசதி உண்டு.

2023 ஜூனில் டைட்டன் ஏன் நொறுங்கியது?

டைட்டானிக்கைப் பார்க்கப் போன அந்தக் கலத்தின் உடல்பகுதி கார்பன் ஃபைபரால் ஆன உருளை. இழுவிசையை நன்றாகத் தாங்கும் பொருள். நசுக்கும் விசையில் அந்த அளவுக்கு நம்ப முடியாது. உள்ளே அடுக்குகள் பிரிந்தாலும் வெளியே தெரியாது. சுயேச்சையான தரச்சான்றும் அந்தக் கலத்துக்கு இல்லை. ஐந்து பேர் இறந்தார்கள்.

சமுத்ரயானின் இலக்குத் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில், ஆழமில்லாத நீரில்தான் சோதனை நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் ஒருவர் பிரான்ஸின் நாட்டீல் கலத்தில் 5,000 மீட்டரைத் தாண்டி இறங்கிப் பயிற்சி பெற்றார்.

'இன்னும் போகலையா?' என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் இந்த வேலையில் தாமதத்தைச் சரிக்கட்டிவிடலாம், அவசரத்தைச் சரிக்கட்ட முடியாது.